ஹாப்ஸ் பறித்த கைக்குத் தனிக் குவளை

பீரில் என்ன சாதி இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். குடிப்பவர்களுக்காக அல்ல, குடிக்கத் தொடங்குபவர்களுக்காகவும் அல்ல. கேட்பவர்களுக்காக. அவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கிரிக்கெட்டில் என்ன சாதி, சங்கீதத்தில் என்ன சாதி, சாப்பாட்டில் என்ன சாதி என்று கேட்டு முடித்து, இப்போது பீர் வாளிக்கு வந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் முதுகலை வேதியியல் படிக்கும் தம்பி ஒருவர் அண்மையில் எங்களுக்கு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அவர் தங்கியிருக்கும் வீட்டில் ஐந்து மாணவர்கள். சமையலறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் லாகர் கிட் போட்டிருக்கிறார்கள். நொதித்தல் அடங்கும் நேரத்தில் அதில் வாசத்துக்காக ஹாப்ஸ் போடும் வேலையை நம் தம்பி ஆசையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். அளவு, வெப்பநிலை, குறிப்பேடு என்றால் அவருக்கு உற்சாகம். அப்போது அதே வீட்டில் இருக்கும், நம் மாநிலத்திலிருந்தே போன, நிலபுலம் உள்ள சாதியைச் சேர்ந்த மாணவர் சொன்னாராம்: "உங்க பக்கம்தான் பானையில ஊறல் போடுவாங்களே, உனக்குக் கை பழகியிருக்கும்." தம்பியின் முகம் மாறியதும் அடுத்த வரி: "ஜோக்குடா. பீர்லகூட சாதியப் பாக்காத."

பார்த்தது யார்? அந்த வாளிக்குள் சாதியைப் போட்டது யார்? போட்டவர் கையைத் துடைத்துக்கொண்டு, பார்த்தவரைக் குற்றவாளியாக்கும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. புதிதாக இருப்பது இடம் மட்டும்தான்.

இதை எழுதப்போகிறோம் என்றதும் எங்களுக்குள்ளேயே சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் ஏற்க வைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அயோத்திதாசப் பண்டிதர் மீட்டெடுத்த பௌத்தத்தின் பஞ்சசீலத்திலும் அது இருக்கிறது. எங்களில் பெரும்பாலோர் குடிப்பதில்லை, குடியால் அழிந்த வீடுகளை எங்கள் தெருக்களிலேயே பார்த்திருக்கிறோம். அதெல்லாம் சரி. ஆனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளியைப் பற்றிப் பேச டீ குடித்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரை வியாதிக்காரரும் கரும்பு வெட்டும் கூலியைப் பற்றிப் பேசலாம். குடிக்காதவர்கள் பேசாமல் விட்டதால்தான், மதுவைப் பற்றிய பேச்சு முழுவதும் 'ரசனை' உள்ளவர்கள் கைக்கும், நம்மைத் திருத்த வருகிறவர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முதலில் அந்த வாளியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அதில் மர்மம் எதுவும் இல்லை.

கிட் என்பது ஒரு பெரிய டின். உள்ளே பாகு போன்ற மால்ட் சாறு, பெரும்பாலும் 1.7 கிலோ. முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்து, தொழிற்சாலையிலேயே ஹாப்ஸின் கசப்பைச் சேர்த்துச் சுண்டவைத்தது. அதை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, சுமார் 23 லிட்டர் வரை தண்ணீர் ஊற்றி, கூடவே வரும் ஈஸ்ட் பொட்டலத்தைத் தூவினால் ஒரு வாரத்தில் பீர். டின்னின் மேல் 'லாகர்' என்று எழுதியிருந்தாலும் பல கிட்களில் உள்ளே இருக்கும் ஈஸ்ட் அறை வெப்பத்தில் வேலை செய்யும் ஏல் வகைதான். உண்மையான லாகர் ஈஸ்டுக்குக் குளிர் வேண்டும், பொறுமை வேண்டும். வெளியே ஒட்டிய பெயருக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இல்லாத சங்கதிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம், இது ஒன்றும் பெரிய மோசடி இல்லை.

இந்த மலிவான கிட் பீரில் கசப்பு இருக்கும், வாசம் இருக்காது. காரணம் எளியது. ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூக்காய். அதன் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் தூள்போல ஒரு பிசின் இருக்கும். அந்தப் பிசினில் கசப்புக்கான அமிலங்களும் உண்டு, மணத்துக்கான எண்ணெய்களும் உண்டு. கொதிக்கவைத்தால்தான் கசப்பு கரைந்து இறங்கும். ஆனால் கொதிக்கும்போது எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். கசப்பைக் கேட்டால் வாசம் போகும், வாசத்தைக் கேட்டால் கசப்பு வராது. அதற்கு வழிதான் ட்ரை ஹாப்பிங். நொதித்தல் ஏறக்குறைய முடிந்த பிறகு, கொதிக்கவைக்காமல், 25 முதல் 50 கிராம் ஹாப்ஸை அப்படியே வாளியில் போட்டு மூன்று நான்கு நாள் விடுவார்கள். எண்ணெய் மெல்ல இறங்கும். எலுமிச்சைத் தோல், பைன் மரம், பூ என்று ஹாப்ஸின் வகைக்கேற்ப மணம் வரும். அதிக நாள் விட்டால் பச்சைப் புல் வாடை அடிக்கும். காற்று பட்டால் வந்த மணமும் போய்விடும். அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால், ஹாப்ஸில் இருக்கும் நொதிகள் மிச்சமிருக்கும் மாவுச்சத்தை உடைக்க, மறுபடி நொதித்து பாட்டில் வெடிக்கும் அளவுக்கு வாயு சேரும். இவ்வளவுதான். நல்ல கைவேலை, கவனம் கேட்கிற வேலை. நம் தம்பி அதை ரசித்துச் செய்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்த வேலையின் முதல் விதி சுத்தம். வாளி, கரண்டி, குழாய், மூடி, தெர்மாமீட்டர், எல்லாவற்றையும் கிருமிநீக்கியில் முக்கி எடுத்த பிறகுதான் பீருக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். ஹோம்ப்ரூ பற்றி எழுதுபவர்கள் அத்தனை பேரும் அலுக்காமல் சொல்வது இதைத்தான். பீர் சுத்தமாக இருக்க வேண்டும். ஹாப்ஸ் சுத்தமாக இருக்க வேண்டும். சரி, ஹாப்ஸ் பறித்தவருக்கு?

கலிபோர்னியாவில் வீட்லேண்ட் என்று ஒரு சிற்றூர். 1913இல் அங்கே டர்ஸ்ட் என்பவரின் ஹாப்ஸ் பண்ணை இருந்தது. அறுவடைக்கு ஆள் தேவை என்று ஊர் ஊராக விளம்பரம் செய்தார். தேவைக்கு மிக அதிகமாக, சுமார் 2,800 பேர் குடும்பம் குடும்பமாக வந்து குவிந்தார்கள். ஆள் கூடினால் கூலி இறங்கும் என்ற கணக்கு எந்தப் பண்ணையாருக்குத்தான் தெரியாது? அத்தனை பேருக்கும் இருந்த கழிப்பறைகள் ஒன்பதுக்கு மேல் இல்லை. ஆகஸ்ட் வெயில் 40 டிகிரியைத் தொட்டது. பறிக்கும் இடத்துக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக ஏற்பாடு இல்லை. அதற்குப் பதிலாக, சிட்ரிக் அமிலம் கலந்த 'லெமனேட்' ஒரு கிளாஸ் 5 சென்ட். விற்றவர் முதலாளியின் உறவினர். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, பெரியவர்களுக்குக் காய்ச்சல்.

அதே பண்ணையில் ஹாப்ஸுக்கு மட்டும் கறாரான சுத்தம். இலை, காம்பு எதுவும் கலக்காமல் பூக்காயை மட்டும் பறிக்க வேண்டும். மற்றப் பண்ணைகளைவிடக் கடுமையாகச் சலித்துப் பார்த்தார்கள். 100 பவுண்டு பறித்தால் 90 சென்ட், அறுவடை முடியும்வரை தாக்குப்பிடித்தவர்களுக்குக் கூடுதலாக 10 சென்ட். இந்த 'போனஸ்' என்பதைக் கவனியுங்கள். நிலைமை தாங்காமல் பாதியில் ஓடுபவர்களின் பத்து சென்டுகள் முதலாளி பையிலேயே தங்கிவிடும். அதாவது, குடிதண்ணீர் தராமல் இருப்பதிலும் லாபம்.

பூவுக்குச் சுத்தம், பறிப்பவருக்குச் சாக்கடை. இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நகரத்தின் சுத்தத்துக்காக மலக்குழிக்குள் இறங்குகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தொழிலாளர்கள் கூட்டம் போட்டார்கள். உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஃபோர்டு என்பவர் முன்னே நின்றார். நோயுற்ற ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி, இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நாம் நிற்கிறோம் என்று பேசினார். கேட்டது என்ன? குடிதண்ணீர், கழிப்பறை, நியாயமான கூலி. ஆகஸ்ட் 3 அன்று ஷெரீப் தன் ஆட்களோடு வண்டிகளில் வந்து இறங்கினார். கூடவே மாவட்ட அரசு வழக்கறிஞர் மான்வெல். அவரே டர்ஸ்டின் சொந்த வழக்கறிஞரும்கூட! கூட்டத்தை அடக்குவதாகச் சொல்லி ஒரு துணை ஷெரீப் வானத்தை நோக்கிச் சுட்டார். பிறகு நடந்த கலவரத்தில் நான்கு பேர் செத்தார்கள். அரசு வழக்கறிஞர் மான்வெல், துணை ஷெரீப் ரியர்டன், ஓர் ஆங்கிலேயச் சிறுவன், ஒரு போர்ட்டோ ரிக்கோ இளைஞர்.

அந்தப் போர்ட்டோ ரிக்கோ இளைஞரின் பெயர் வரலாற்றில் இல்லை. 'அடையாளம் தெரியாத' என்றுதான் போட்டிருக்கிறார்கள். இரண்டு அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு, பதவி உண்டு. பறித்த கைக்குப் பெயர் கிடையாது. வழக்கு யார் மீது போட்டிருப்பார்கள் என்று உங்களால் ஊகிக்க முடியும். ஃபோர்டும் அவரோடு நின்ற சூரும் 1914இல் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றார்கள். துப்பாக்கியால் சுட்டதற்காக அல்ல, கூட்டத்தைக் கூட்டியதற்காக. பண்ணையார் வீட்டில் நிம்மதியாக இருந்தார்.

வீட்லேண்டுக்கு 28 ஆண்டுகள் முன்பு, 1885 செப்டம்பரில், வாஷிங்டன் பகுதியின் ஸ்குவாக் பள்ளத்தாக்கில் ஒரு ஹாப்ஸ் பண்ணைக்குச் சீனத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்தார்கள். இரவில் அவர்கள் படுத்திருந்த கூடாரங்களுக்குள் ஒரு கும்பல் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்த வழக்கில் பண்ணையார்களை உயர் நீதிமன்றம் எப்படி விடுவித்தது என்று படித்த பிள்ளைகளுக்கு, ஸ்குவாக் தீர்ப்பைப் படிக்கும்போது தெரிந்த கையெழுத்தைப் பார்ப்பது போலிருக்கும்.

வீட்லேண்டில் கூடியிருந்தவர்களில் இந்தியாவிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அன்றைய கலிபோர்னியா ஆவணங்கள் அவர்களை 'இந்துக்கள்' என்றே எழுதின. பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள். அதே காலத்தில் அதே கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களில் கூலி வேலை செய்த ஒருவரை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மங்கு ராம் முகோவாலியா. பஞ்சாபின் தோல் தொழிலாளர் சாதியில் பிறந்தவர். 1909இல் அமெரிக்கா போனார். கதர் இயக்கத்தில் சேர்ந்தார். ஊர் திரும்பி 1926இல் ஆத் தரம் இயக்கத்தைத் தொடங்கி, நாங்கள் இந்துக்கள் அல்ல, இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று அறிவித்தார். அவர் ஹாப்ஸ் பறித்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தத் தோட்டங்களின் கூலி வரிசையில் நின்ற ஒரு தலித் இளைஞர் அங்கே எதைப் பார்த்தார், எதைக் கற்றுக்கொண்டு திரும்பினார் என்பதை யோசித்துப் பாருங்கள் என்கிறோம். வெளிநாட்டில் ஒரு வாளிக்கு முன்னால் நின்று அவமானப்பட்ட நம் தம்பி அந்த மண்ணில் முதல் ஆள் அல்ல, தனி ஆளும் அல்ல.

சரி, தம்பி இருக்கும் நாட்டுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ஹாப்ஸ் என்றால் கெண்ட். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகள் குடும்பத்தோடு ரயிலேறி அங்கே போவார்கள். அவர்களோடு ஐரிஷ் கூலிகள், ரோமா நாடோடிகள். 1853 அக்டோபரில் வேலை முடிந்து வண்டியில் திரும்பிய 30 பேர், ஹார்ட்லேக் என்ற இடத்தில் மரப்பாலத்தின் பக்கத்தடுப்பு உடைந்து மெட்வே ஆற்றில் விழுந்து செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்களும் ரோமாக்களும். விபத்து என்று முடித்துவிட்டார்கள். பிற்காலத்திலும் பறிப்பவர்களுக்குத் தங்க இடம் என்றால் தகரக் கொட்டகை, மாட்டுக்கொட்டில், வைக்கோல் படுக்கை. 1931இல் ஜார்ஜ் ஆர்வெல் கூலியாகவே போய்ப் பறித்துப் பார்த்து எழுதியிருக்கிறார். முட்கள் நிறைந்த தண்டு கையைக் கிழிக்கும், பிசின் ஏறிக் கை கருத்துப்போகும், எவ்வளவு கழுவினாலும் போகாது.

நாங்கள் இந்தக் கட்டுரை எழுதக் காரணமான விஷயம் இதற்கு அடுத்தது. அந்தக் கெண்ட் கிராமங்களின் மதுக்கடைகள் பலவற்றில் ஹாப்ஸ் பறிப்பவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை தொங்கும். ரோமாக்களுக்கு இல்லை என்று இன்னொரு பலகை. உள்ளே விட்ட கடைகளிலும் கிளாஸுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டுதான் பீர் தருவார்கள், திருடிவிடுவார்கள் என்று. ஊர்க்காரர்களிடம் அந்த முன்பணம் கிடையாது. காலையில் பறித்தது அந்தப் பீருக்கான வாசம். மாலையில் அந்தப் பீருக்கு முன்னால் நிற்கும்போது அவர்கள் கை திருட்டுக் கை.

ஊர் டீக்கடையில் நம் தாத்தாவுக்குக் கொட்டாங்குச்சி. அப்பாவுக்குத் தனிக் குவளை, குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும். இப்போது 'எல்லோருக்கும் பேப்பர் கப்' என்று நாகரிகமாகத் தப்பிக்கிறார்கள். அந்த டீயின் பால் கறந்தது யார், தேயிலை பறிக்க நீலகிரிக்கும் வால்பாறைக்கும் கடல் தாண்டி இலங்கை மலைக்கும் போனது யார் என்ற கேள்வி கடைக்காரர் மனதில் வந்ததே இல்லை.

இரண்டும் ஒன்று என்று நாங்கள் சொல்லமாட்டோம். அப்படிச் சொன்னால் அது பொய். கெண்டில் விரட்டப்பட்ட லண்டன்காரர் ரயிலேறி வீடு திரும்பினால் தன் தெருவின் கடையில் எல்லோரோடும் நின்று குடிக்கலாம். அவர் மகன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனால் கெண்டிலும் அவனை யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே வறுமைக்கும் வெளியூர்த்தனத்துக்கும் போட்ட பூட்டு அது. ரோமாக்களுக்குப் போட்டது கொஞ்சம் வேறு. அவர்கள் சட்டை மாற்றினாலும் தப்ப முடியவில்லை, அது நம் கதைக்கு நெருக்கமானது. நமக்குப் போட்ட பூட்டோ கல்வியோடும் வேலையோடும் விசாவோடும் விமானம் ஏறி, அந்த வாடகை வீட்டின் சமையலறை வரைக்கும் வந்திருக்கிறது. "உங்க பக்கம்" என்று அந்தப் பையன் சொன்னானே, அந்தப் 'பக்கம்' என்ற சொல்லில் மொத்த ஊரும் சேரியும் இருக்கிறது.

ஹாப்ஸிலும் அவர்கள் ஒரு மேட்டுக்குடியை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது வேடிக்கை. ஹல்லர்டாவ், டெட்னாங், ஸ்பால்ட், சாட்ஸ் ஆகிய நான்கு ஐரோப்பிய வகைகளுக்கு வணிகத்தில் 'நோபிள்' ஹாப்ஸ் என்று பெயர், அதாவது உயர்குடி ஹாப்ஸ். செடிக்கு என்னய்யா குடி? ஆனால் ட்ரை ஹாப்பிங் மோகத்தை உலகம் முழுக்கப் பரப்பியவை அந்தக் குலக்கொடிகள் அல்ல. அமெரிக்க வேளாண் துறை ஒரேகானில் உருவாக்கி 1972இல் வெளியிட்ட காஸ்கேட் என்ற வகையிலிருந்து தொடங்கியது அது. ஆங்கிலேய வகையும் ரஷ்ய வகையும் கலந்து, தந்தைச் செடி எதுவென்று உறுதியாகத் தெரியாமல் காற்றில் மகரந்தம் ஏறிப் பிறந்த கலப்பு. நம் தம்பி போட்ட பாக்கெட்டும் காஸ்கேட்தானாம். வம்சாவளி பேசும் நண்பர் அதைத்தான் கிளாஸில் ஊற்றி முகர்ந்து பாராட்டியிருக்கிறார்.

இன்று பறிப்பது இயந்திரம் என்று ஒரு பதில் வரும். உண்மைதான், 1950கள், 60களிலேயே கெண்டில் இயந்திரம் வந்துவிட்டது. ஹாப்ஸ் உலர்த்திய கூம்புக் கூரைக் கட்டடங்கள் இன்று பணக்காரர்களின் வீடுகள். ஆனால் இன்று உலகத்தின் வாசனை ஹாப்ஸில் பெரும்பகுதி வரும் யாக்கிமா பள்ளத்தாக்கில், வசந்தகாலத்தில் உயரமான கம்பிகளில் கயிறு கட்டுவதும், ஒவ்வொரு கொடியையும் கயிற்றில் சுற்றி ஏற்றிவிடுவதும் இன்றும் மனிதக் கைதான். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களின் கை. 1970இல் அங்கே ஹாப்ஸ் பண்ணைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி கேட்டிருக்கிறார்கள். பாக்கெட்டில் வகையின் பெயர் இருக்கும், அறுவடை ஆண்டு இருக்கும், அமில விழுக்காடு தசமப் புள்ளியோடு இருக்கும். கூலி இருக்காது.

இனி அந்த "ஊறல்" என்ற சொல்லுக்கு வருவோம். தம்பியை உண்மையில் குத்தியது அதுதான்.

பிரிட்டனில் வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1963 வரை இருந்தது. அந்த ஆண்டு நிதியமைச்சர் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன் வரை தன் வீட்டுத் தேவைக்குப் பீர் தயாரிக்கலாம் என்று அனுமதித்தது. ஏறக்குறைய 378 லிட்டர்! வீட்டு மூலையில் ஒருவர் வாளியில் எதையோ நொதிக்க வைப்பதால் அரசாங்கம் கவிழ்ந்துவிடாது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அதன் பிறகுதான் அது பொழுதுபோக்கு ஆனது, போட்டியும் பரிசும் புத்தகமும் வந்தன. முதலில் சட்டம் மரியாதை கொடுத்தது, பிறகு சமூகம் கொடுத்தது.

இங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ராஜாஜி சேலத்தில் தொடங்கி வைத்த மதுவிலக்கு, 1971இல் விலக்கிக்கொள்ளப்பட்டு, மறுபடி வந்து, மறுபடி போய், கடைசியில் 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறை விற்பனை செய்கிறது. கடையை அரசு நடத்தலாம், ஆலையைப் பெரும் புள்ளிகள் நடத்தலாம். பானை மட்டும் குற்றம். வீட்டுக்கு வீடு பானை வைக்க அனுமதி கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பெண்கள் மதுக்கடைக்கு எதிராகத் தெருவில் நின்றவர்கள். எங்கள் கேள்வி வேறு. பார்லிச் சாறோ வெல்லக் கரைசலோ, ஈஸ்ட் செய்யும் வேலை ஒன்றுதான். ஒன்றுக்கு 'அரோமா', இன்னொன்றுக்கு 'நாற்றம்' என்று பெயர் வந்தது எப்படி? பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம்தான். பூவுக்கு நாற்றம் உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் இறங்கி இறங்கி எங்கள் தெருவுக்கு வந்து நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊறல் போட்டவர்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. பின்னால் இருந்து பணம் போட்டு, மாமூல் கட்டி, லாபம் எடுத்தவர்கள் பெரும்பாலும் செல்வாக்குள்ளவர்கள். ஆனால் "ஊறல் அழிப்பு" என்று பத்திரிகையில் படம் வரும்போது நிற்பது ஏழையும் பழங்குடியும். அதைப் பார்த்து வளர்ந்த பையனுக்கு, வேதியியல் படிக்கும் தலித் மாணவனைப் பார்த்தால் பானைதான் நினைவுக்கு வருகிறது.

அவனுடைய வேதியியலும் தப்பு. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றிலும் 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கருணாபுரத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். உடனே தொலைக்காட்சிகளில் 'குடித்துச் செத்தவனுக்கு எதற்கு 10 லட்சம்' என்று விவாதம் நடத்தினார்கள். அவர்களைக் கொன்றது நொதித்தல் அல்ல. கொன்றது மெத்தனால், ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் தொழிற்சாலைச் சரக்கு. பானையில் ஊறலோ வாளியில் பீரோ போட்டால் அந்த அளவு மெத்தனால் வராது, வர முடியாது. அதற்கு ஓர் ஆலை வேண்டும், ஒரு லாரி வேண்டும், கணக்குப் புத்தகத்தில் ஒரு பொய் வேண்டும், பார்க்காமல் இருக்க ஓர் அதிகாரி வேண்டும். ஓராண்டு முன்பு, 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால்தான் கொன்றது. அப்போதே அந்தச் சங்கிலியை அறுத்திருந்தால் கருணாபுரம் பிழைத்திருக்கும்.

கருணாபுரத்துக்குப் பிறகு அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. உயிரிழப்பு ஏற்பட்டால் தயாரித்தவருக்கும் விற்றவருக்கும் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சாக்கடை ஓரம் பாக்கெட் விற்றவரைத் தாண்டி, மெத்தனாலை வெளியே விட்ட ஆலை வாசல் வரைக்கும் வழக்கு போகிறதா என்பதுதான் எங்கள் கவலை. வீட்லேண்டிலும் தண்டனை கிடைத்தது. யாருக்கு என்பதுதான் விஷயம்.

ஆகவே சட்டக் கல்லூரிகளில் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். மெத்தனால் வைத்திருக்கவும் பயன்படுத்தவும் இங்கே உரிமம் வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த உரிமம் பெற்றவர்கள் எத்தனை பேர், கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை இருப்பைச் சோதித்தார்கள், எத்தனை இடத்தில் கணக்கு குறைந்தது, எத்தனை உரிமம் ரத்தானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். நான்கு கேள்வி, பத்து ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். வேதியியல் படிக்கிறவர்கள், ஈஸ்ட் எதை உண்டாக்கும், எதை உண்டாக்காது என்பதை நம் தெரு மக்களுக்குப் புரிகிற தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதித் தாருங்கள். அடுத்த முறை எங்காவது சாவு விழுந்தால், தொலைக்காட்சி ஒலிவாங்கி நீட்டப்படும் முன் அந்தத் தாள் அந்தத் தெருவில் இருக்க வேண்டும். பதில்கள் வர வர எங்களுக்கு அனுப்புங்கள், மாவட்ட வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம்.